விளையாட்டு அணிகளில் பகிடிவதையும் சேர்ப்புச் சடங்குகளும்: ஆண்மை, பெண்மை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவிலும் கனடாவிலும் பள்ளி, பல்கலைக்கழக விளையாட்டு அணிகளில் புதிதாகச் சேர்கிறவர்களை மூத்த வீரர்கள் பலவிதச் சடங்குகளுக்கு உட்படுத்துவது நெடுங்காலமாக நடந்து வருகிறது. அந்தச் சடங்குகளில் ஆண்மை, பெண்மை பற்றிய எண்ணங்கள் எப்படி ஆயுதமாகின்றன என்பதை மையமாக வைத்து இந்தக் கேள்விகளுக்கு விடை எழுதப்பட்டிருக்கிறது. சில விடைகளில் பாலியல் இழிவு பற்றிய செய்திகள் வருகின்றன. தேவைக்கு மேல் அவற்றை விவரிக்கவில்லை.

பகிடிவதை என்று எதைச் சொல்கிறீர்கள்? நாம் அறிந்த ராகிங்கும் இதுவும் ஒன்றுதானா?

அங்கே இதற்கு ‘ஹேஸிங்’ என்று பெயர். ஒரு குழுவில் சேர்வதற்காகவோ, சேர்ந்தபின் அதில் நீடிப்பதற்காகவோ ஒருவரை இழிவுக்கும் வலிக்கும் ஆபத்துக்கும் உள்ளாக்கும் எந்தச் செயலும் இதில் அடங்கும். தமிழ்நாட்டில் ராகிங் என்றும் இலங்கையில் பகிடிவதை என்றும் வழங்குவதோடு இதற்கு நெருங்கிய உறவு உண்டு. ராகிங்கில் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட பின் 1997இல் தமிழ்நாடு தனிச்சட்டம் இயற்றியதையும், 1998இல் இலங்கை தன் பகிடிவதைத் தடைச் சட்டத்தை நிறைவேற்றியதையும் தமிழ் வாசகர்கள் அறிவார்கள்.

ஆயினும் ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். நம் கல்லூரிகளில் ராகிங்குக்கு ஆளாகும் முதலாண்டு மாணவர் அந்த மூத்த மாணவர்களைத் தேடிச் சென்றவர் அல்லர். படிக்க வந்த இடத்தில் அவர்கள் கையில் சிக்குகிறார். விளையாட்டு அணியில் சேர்கிறவரோ, பத்து வயதிலிருந்து அந்த இடத்திற்காகவே உழைத்து, அந்த மூத்தவர்கள் தன்னை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று ஏங்கி வருகிறவர். நாளை ஆடுகளத்தில் பந்தைத் தன்னிடம் தள்ளிவிடப் போகிறவரும் இன்றிரவு தன்னை மண்டியிடச் சொல்கிறவரும் ஒரே ஆளாக இருக்கும்போது, மறுப்பதற்கான இடம் மிகவும் சுருங்கிவிடுகிறது.

இந்தப் பக்கத்தில் பகிடிவதை என்ற சொல்லையே பயன்படுத்துகிறேன். செய்கிறவர்கள் அந்தச் சொல்லின் முதற்பாதியை மட்டும் சொல்லித் தப்பித்துக்கொள்கிறார்கள். அனுபவிக்கிறவர்களிடம் எஞ்சுவது பின்பாதி. இரண்டையும் சேர்த்துச் சொல்லும் சொல் தமிழில் இருப்பது நல்லது.

இது எவ்வளவு பரவலாக இருக்கிறது?

நியூயார்க் மாநிலத்திலுள்ள ஆல்ஃபிரெட் பல்கலைக்கழகம், தன் கால்பந்து அணியிலேயே (இந்தப் பக்கத்தில் கால்பந்து என்பது பந்தைக் கையில் ஏந்தி ஓடும் வட அமெரிக்க ஆட்டம்; நாம் அறிந்த கால்பந்துக்கு அங்கே சாக்கர் என்று பெயர்) 1998இல் நடந்த ஒரு பகிடிவதையை அடுத்து, நாடு முழுவதிலுமுள்ள கல்லூரி விளையாட்டு வீரர்களிடம் ஓர் ஆய்வு நடத்தி 1999இல் வெளியிட்டது. ஐந்தில் நான்கு பேர் ஏதோ ஒரு வகைப் பகிடிவதைக்கு உட்பட்டிருந்தார்கள். ஐந்தில் ஒருவர், சட்டப்படி குற்றமாகக்கூடிய கடுமையான செயல்களுக்கு ஆளாகியிருந்தார். ஏறத்தாழப் பாதிப்பேர் மதுவோடு தொடர்புடைய சடங்குகளைக் கடந்திருந்தார்கள்.

மேய்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எலிசபெத் ஆலன், மேரி மேடன் ஆகியோர் 2008இல் வெளியிட்ட ஆய்வு 53 கல்லூரிகளில் 11,000க்கும் மேற்பட்ட மாணவர்களின் விடைகளை வைத்து எழுதப்பட்டது. கல்லூரியின் முதன்மை விளையாட்டு அணிகளில் இருந்தவர்களில் 74 விழுக்காட்டினர் இத்தகைய செயல்களுக்கு உட்பட்டிருந்தார்கள். பகிடிவதை என்றதும் அமெரிக்கர்களுக்கு நினைவுக்கு வரும் மாணவர் சகோதரத்துவக் கழகங்களின் அளவும் ஏறக்குறைய இதுவேதான்.

அப்படியானால் இத்தனை பேரும் ஏன் புகார் செய்யவில்லை?

தங்களுக்கு நடந்ததை அவர்கள் அந்தப் பெயரால் அழைப்பதில்லை என்பது முதற்காரணம். ஆல்ஃபிரெட் ஆய்வில், “நீங்கள் பகிடிவதைக்கு உள்ளானதுண்டா?” என்று நேராகக் கேட்டபோது ஆம் என்றவர்கள் 12 விழுக்காட்டினர் மட்டுமே. குறிப்பிட்ட செயல்களைப் பட்டியலிட்டுக் கேட்டபோதுதான் அந்த எண் 80 ஆனது. மேய்ன் ஆய்விலும், அத்தகைய செயல்களை அனுபவித்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் தங்களைப் பாதிக்கப்பட்டவர்களாகக் கருதவில்லை.

இதற்கு உளவியலில் பழைய விளக்கம் ஒன்று உண்டு. எலியட் ஆரன்சனும் ஜட்சன் மில்ஸும் 1959இல் வெளியிட்ட சோதனையில், ஒரு கலந்துரையாடல் குழுவில் சேர விரும்பிய 63 கல்லூரி மாணவியர் மூன்று பிரிவாக்கப்பட்டார்கள். ஒரு பிரிவினர் கூச்சமூட்டும் ஆபாசச் சொற்களை உரக்கப் படிக்க வேண்டும். இன்னொரு பிரிவினருக்கு எளிய சொற்கள். மூன்றாம் பிரிவினருக்கு நுழைவுத் தேர்வே இல்லை. பிறகு மூவருக்கும் வேண்டுமென்றே சலிப்பூட்டும்படி தயாரித்த ஒரே உரையாடல் ஒலிபரப்பப்பட்டது. கடுமையான தேர்வைக் கடந்த மாணவியரே அதைச் சுவையானது என்று அதிகம் மதிப்பிட்டார்கள். பட்ட துன்பம் வீணாகப் போயிற்று என்று ஒப்புக்கொள்ள மனம் மறுப்பதால், அந்தத் துன்பத்தைக் கொடுத்த குழுவின் மதிப்பை அது உயர்த்திக்கொள்கிறது.

அந்தச் சோதனையில் பெரும்பாலோர் கவனிக்காமல் விடும் ஒரு விவரத்தையும் சொல்ல வேண்டும். அந்த இளம்பெண்கள் ஆபாசச் சொற்களைப் படித்துக் காட்டியது ஓர் ஆண் ஆய்வாளரின் முன்னிலையில். ‘கடுமை’ என்று அங்கே அளக்கப்பட்டதே, ஓர் ஆணுக்கு முன் பெண் அடையும் கூச்சம்தான். சேர்ப்புச் சடங்கு பற்றிய புகழ்பெற்ற சோதனையின் உள்ளேயே இந்தப் பக்கத்தின் பொருள் இருந்திருக்கிறது.

ஆண்கள் அணியில் புதியவருக்குப் பெண்ணுடை அணிவித்து ஊர்வலம் விடுவது வெறும் வேடிக்கைதானே?

உடையில் எந்த இழிவும் இல்லை. தானாக விரும்பிச் சேலையோ கவுனோ அணிகிற ஆண் எந்தத் தவறும் செய்யவில்லை. ஆனால் இங்கே உடை தண்டனையாக அணிவிக்கப்படுகிறது. அது தண்டனையாக வேலை செய்வதற்கு ஒரே காரணம், பெண்ணைப் போலத் தோன்றுவது ஆணுக்குத் தாழ்வு என்று அணிவிப்பவரும் அணிபவரும் பார்ப்பவரும் ஒருசேர நம்புவதுதான். நமக்கு இது புரியாத செய்தி அன்று. எதிராளியைப் பார்த்து “சேலை கட்டிக்கொள், வளையல் போட்டுக்கொள்” என்று மேடையில் முழங்குகிறவர்களையும், அழுகிற சிறுவனிடம் “பொம்பளைப் பிள்ளை மாதிரி அழாதே” என்று சொல்கிற வீடுகளையும் நாம் பார்த்தே வளர்ந்திருக்கிறோம்.

அமெரிக்கத் தொழில்முறைப் பேஸ்பால் அணிகளில், ஆட்டப் பருவத்தின் கடைசி வாரங்களில் முதலாண்டு வீரர்களுக்குப் பெண்ணுடையோ உற்சாக நடன மங்கையர் உடையோ அணிவித்து விமான நிலையத்துக்கும் விடுதிக்கும் நடத்திச் செல்வது ஆண்டுதோறும் நடந்த வழக்கம். படங்கள் நாளிதழ்களில் சிரிப்புச் செய்தியாக வந்தன. 2016 டிசம்பரில், வீரர் சங்கத்தோடு புதிய தொழிலாளர் ஒப்பந்தம் ஏற்பட்டபோது, அந்த அணிகளின் கூட்டமைப்பான லீக் பகிடிவதைக்கும் மிரட்டலுக்கும் எதிரான விதியைக் கொண்டுவந்தது. பெண்ணாக உடையணியும்படி வீரர்களைக் கட்டாயப்படுத்துவதும் தூண்டுவதும், இனம், பாலினம், நாடு, பாலியல் நாட்டம், பாலின அடையாளம் ஆகியவற்றால் பிறரைப் புண்படுத்தக்கூடிய உடைகளை அணிவிப்பதும் தடைசெய்யப்பட்டன. வேடமணியும் வழக்கமே தடைசெய்யப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். ஸ்பைடர்மேன் வேடம் தொடரலாம். வொண்டர் வுமன் வேடம் கூடாது. எந்த வேடம் கேலி, எந்த வேடம் அவமதிப்பு என்ற வேறுபாட்டை அந்த விதி சரியாகவே கண்டுகொண்டது.

ஆண்மையை இவ்வளவு போற்றுகிற அணிகளில் ஆடை நீக்குவதும் பாலியல் செயல்களைச் செய்ய வைப்பதும் ஏன் இத்தனை முறை வருகின்றன?

வெளியிலிருந்து பார்க்கிறவர்களை மிகவும் குழப்புவது இதுதான். தன்பாலீர்ப்பாளர்களை இகழ்ந்து பேசுவதை அன்றாட வழக்கமாகக் கொண்ட அறைகளில், ஆண்கள் ஆண்களை நிர்வாணப்படுத்தும் சடங்குகள் நடக்கின்றன.

1999 அக்டோபரில் வெர்மான்ட் பல்கலைக்கழக ஐஸ் ஹாக்கி அணியின் புதியவர்கள் ஒரு வீட்டுக்கு அழைக்கப்பட்டு, மது ஊட்டப்பட்டு, ஆடையின்றி ஒருவர் மற்றவரின் உறுப்பைப் பற்றியபடி வரிசையாக நடக்க வைக்கப்பட்டார்கள். 2005இல் கனடாவின் மாண்ட்ரியால் நகரிலுள்ள மெக்கில் பல்கலைக்கழகக் கால்பந்து அணியில் 18 வயதுப் புதியவர் ஒருவர், துடைப்பக் கட்டையைக் கொண்டு நடத்தப்பட்ட பாலியல் தாக்குதலைப் பற்றிப் புகார் செய்தார். 2023இல் சிகாகோவுக்கு அருகிலுள்ள நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகக் கால்பந்து அணியைப் பற்றி வெளிவந்த செய்திகளில், பயிற்சியில் பிழை செய்த புதியவரை உடை மாற்றும் அறையில் விளக்கணைத்து முகமூடியணிந்த மூத்தவர்கள் சூழ்ந்துகொண்டு பாலியல் செயலை நடித்து இழிவுபடுத்தியதாக முன்னாள் வீரர் ஒருவர் கூறினார்.

மூன்றிலும் ஒரே ஏற்பாட்டைக் காணலாம். மேலே இருப்பவர் ஆண் என்ற இடத்தில் நிற்கிறார். கீழே இருப்பவர், அவர்களுடைய எண்ணப்படி, பெண்ணுக்கோ தன்பாலீர்ப்பாளருக்கோ உரிய இடத்தில் நிறுத்தப்படுகிறார். அந்த இடத்தைத் தாங்கி, அழாமல், சொல்லாமல் கடந்துவிட்டால், அடுத்த ஆண்டு அதே இடத்தில் வேறொருவரை நிறுத்தும் உரிமை கிடைக்கிறது. இதில் இச்சைக்கு இடம் குறைவு. யார் யாருக்கு மேல் என்று நிலைநாட்டுவதே நோக்கம். இழிவுபடுத்தப்படுவது எதிரில் நிற்கும் இளைஞர் மட்டும் அல்லர். பெண்ணாக இருப்பது தாழ்வு, தன்பாலீர்ப்பாளராக இருப்பது தாழ்வு என்ற பாடம், அந்த அறையில் இருக்கும் எல்லோருக்கும் உடம்பின் வழியாகப் புகட்டப்படுகிறது. தன் நாட்டத்தை இன்னும் யாரிடமும் சொல்லாத வீரர் ஒருவர் அந்த வரிசையில் நின்றிருந்தால் அவர் என்ன கற்றுக்கொண்டு வெளியே வருவார் என்பதை நினைத்துப் பாருங்கள்.

பெண்கள் அணிகளிலும் இது நடக்கிறதா?

நடக்கிறது. ஆல்ஃபிரெட் ஆய்வின்படி கடுமையான வன்முறைச் செயல்கள் பெண்கள் அணிகளில் குறைவு. மது தொடர்பான சடங்குகளில் அவர்கள் பின்தங்கவில்லை.

ஆண்கள் அணியின் சடங்குக்குப் பார்வையாளர்கள் அணியின் உள்ளேயே இருக்கிறார்கள். பெண்கள் அணியின் சடங்குக்கோ பல நேரங்களில் வெளியிலிருந்து ஆண் பார்வையாளர் வேண்டியிருக்கிறார். 2006 மே மாதம் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகப் பெண்கள் சாக்கர் அணியின் படங்கள் இணையத்தில் வெளியாயின. புதிய வீராங்கனைகள் உள்ளாடையோடும், சிலர் கண்கள் கட்டப்பட்டும், கைகள் பின்னால் பிணைக்கப்பட்டும், உடம்பில் எழுத்துகள் கிறுக்கப்பட்டும் காணப்பட்டார்கள். ஆண்கள் சாக்கர் அணியினரின் மடியில் ஆடும்படி செய்யப்பட்டதையும் படங்கள் காட்டின. பல்கலைக்கழகம் அணியை இடைநீக்கம் செய்தது. தலைமைப் பயிற்சியாளர் விலகினார்.

2023இல் கால்பந்து அணியால் செய்தியில் அடிபட்டதும் இதே பல்கலைக்கழகம் என்பதால் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன். அங்கே ஆண் பெண்ணின் இடத்துக்குத் தள்ளப்பட்டார்; இங்கே பெண் ஆணின் பார்வைக்குப் பொருளாக்கப்பட்டார். இரண்டு அறைகளிலும் தாழ்ந்த நாற்காலி ஒன்றுதான். பெண்கள் தங்கள் வலிமையையும் வேகத்தையும் கொண்டு வென்ற ஓர் இடத்தில், நுழைவுக் கட்டணமாக அந்த வலிமைக்குச் சற்றும் தொடர்பில்லாத ஒன்றைக் கேட்டது எனக்குப் பெரும் வருத்தம் தருகிறது.

எல்லாமே இந்த வகையைச் சேர்ந்தவை என்று சொல்ல முடியாது. 2003 மே 4 அன்று சிகாகோ புறநகரான நார்த்புரூக்கில், உயர்நிலைப் பள்ளி மூத்த மாணவியர் இளைய மாணவியரோடு ‘பவுடர் பஃப்’ கால்பந்தாட்டம் என்ற பெயரில் நடத்திய சந்திப்பு அடிதடியாக முடிந்தது. இளையவர்கள் மேல் சாயமும் மீன் குடலும் மலமும் கொட்டப்பட்டன. வாளியைத் தலையில் கவிழ்த்து அடித்தார்கள். ஐந்து பேர் மருத்துவமனைக்குச் சென்றார்கள். 30க்கும் மேற்பட்ட மாணவர்கள் மீது பள்ளி நடவடிக்கை எடுத்தது. காணொளி தொலைக்காட்சிகளில் திரும்பத் திரும்பக் காட்டப்பட்டபோது, “பெண்களா இப்படி?” என்ற வியப்பே விமர்சனங்களில் மேலோங்கி நின்றது. அந்த வியப்பிலேயே ஒரு பிழை இருக்கிறது. பையன்கள் இதைச் செய்திருந்தால் பையன்கள் அப்படித்தான் என்று பலர் கடந்து போயிருப்பார்கள். ஆணின் வன்முறையை இயல்பாகவும் பெண்ணின் வன்முறையை விந்தையாகவும் பார்க்கும் கண் இரண்டு பக்கமும் பாதிக்கப்பட்டவரைப் பார்ப்பதில்லை.

கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரில் டல்ஹௌசி பல்கலைக்கழகப் பெண்கள் ஹாக்கி அணியும், மிரட்டலும் மதுவும் கலந்த ஒரு விருந்தின் காரணமாக 2013 ஜனவரியில் எஞ்சிய பருவத்தை இழந்தது.

சம்மதித்துத்தானே கலந்துகொண்டார்கள்? வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே?

அகிம் அலியு சொன்னார். 2005இல் கனடாவின் வின்ட்சர் ஸ்பிட்ஃபயர்ஸ் இளையோர் ஹாக்கி அணியில் சேர்ந்தபோது அவருக்கு வயது 16. அணிப் பேருந்தின் சிறிய கழிவறைக்குள் புதியவர்களை ஆடையின்றி நெருக்கி அடைக்கும் வழக்கத்துக்கு அவர் உடன்பட மறுத்தார். அதன்பின் ஒரு பயிற்சியின்போது மூத்த வீரர் ஒருவர் ஹாக்கி மட்டையால் அவர் முகத்தில் தாக்கியதில் பற்களை இழந்தார். பயிற்சியாளரும் பொது மேலாளருமாக இருந்தவர் லீக்கால் இடைநீக்கம் செய்யப்பட்டார். நைஜீரியத் தந்தைக்குப் பிறந்த, உக்ரைனில் குழந்தைப் பருவத்தைக் கழித்த கறுப்பின இளைஞரான அலியு, பின்னாளில் தொழில்முறை ஹாக்கியில் தான் சந்தித்த இனவெறியைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசினார்.

மறுக்கிறவருக்கு உரிய விலை எல்லோருக்கும் தெரிந்திருக்கும்போது, மறுக்காமலிருப்பதைச் சம்மதம் என்று எண்ணுவது முறையன்று. ஆண்கள் அணிகளில் அந்த விலையோடு கூடுதலாக ஒன்று சேர்கிறது: மறுப்பவர் ஆண்மையற்றவர் என்ற பெயர். எந்த இழிவுக்கு அஞ்சி மறுக்கிறாரோ அதே இழிவு மறுப்பதாலும் வந்து சேரும்படி அந்தப் பொறி அமைக்கப்பட்டிருக்கிறது. அமெரிக்கச் சட்டங்கள் பலவும் இதை உணர்ந்தே, பாதிக்கப்பட்டவர் விரும்பிக் கலந்துகொண்டார் என்பதை எதிர்வாதமாக ஏற்பதில்லை.

பயிற்சியாளர்களுக்குத் தெரியாமல் இவ்வளவும் நடக்குமா?

சில இடங்களில் தெரிந்தே நடந்திருக்கிறது. சில இடங்களில், தெரிந்துகொள்ள வேண்டாம் என்று அவர்கள் அந்த அறைப் பக்கம் போகாமல் இருந்திருக்கிறார்கள். உண்மையிலேயே தெரியாமலும் நடந்திருக்கலாம்.

நார்த்வெஸ்டர்ன் வழக்கைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். 2022 இறுதியில் வந்த புகாரை அடுத்து வெளி வழக்கறிஞர் ஒருவரைக் கொண்டு பல்கலைக்கழகம் விசாரித்தது. புகாரின் பெரும்பகுதிக்கு ஆதாரம் இருப்பதாகவும், பயிற்சியாளர்கள் அறிந்திருந்தார்கள் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றும், ஆனால் அறிந்துகொள்ள அவர்களுக்கு வாய்ப்புகள் இருந்தன என்றும் விசாரணை முடிந்தது. 2023 ஜூலை 7 அன்று தலைமைப் பயிற்சியாளர் பாட் ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு இரண்டு வார ஊதியமில்லா இடைநீக்கம் அறிவிக்கப்பட்டது. மறுநாள், ‘டெய்லி நார்த்வெஸ்டர்ன்’ என்ற மாணவர் நாளிதழ், முன்னாள் வீரர் கூறியவற்றை விரிவாக வெளியிட்டது. ஜூலை 10 அன்று ஃபிட்ஸ்ஜெரால்டு பணிநீக்கம் செய்யப்பட்டார். அவர் பல்கலைக்கழகத்தின் மீது வழக்குத் தொடர்ந்தார். 2025 ஆகஸ்டில் அது சமரசத்தில் முடிந்தபோது, வீரர்கள் அவரிடம் புகார் செய்ததாகவோ அவர் அதை அனுமதித்ததாகவோ சான்று கிடைக்கவில்லை என்று பல்கலைக்கழகம் தெரிவித்தது.

எனவே அவர் அறிந்தே விட்டார் என்று எழுதுவது நியாயமாகாது. அதே நேரம், இரண்டு வார இடைநீக்கத்தோடு முடிந்திருக்கக்கூடிய செய்தியை மூன்றே நாளில் மாற்றியது பத்தொன்பது இருபது வயது மாணவ நிருபர்கள் என்பதையும் மறக்கலாகாது.

ஒரு சிலர் செய்த தவறுக்கு அணியின் பருவம் முழுவதையும் ரத்து செய்வது சரியா?

இதில் நல்லெண்ணம் கொண்டவர்களும் மாறுபடுகிறார்கள். வெர்மான்ட் பல்கலைக்கழகம் 2000 ஜனவரியில் எஞ்சிய ஆட்டங்கள் அனைத்தையும் ரத்து செய்தது. நடந்த செயலோடு, விசாரித்தபோது வீரர்கள் பொய் சொன்னதும் அதற்குக் காரணம். மெக்கில் 2005இல் அவ்வாறே செய்தது. 2014இல் நியூ ஜெர்சியின் சேயர்வில் நகர உயர்நிலைப் பள்ளி, வெற்றிப் பாரம்பரியம் மிக்க தன் கால்பந்து அணியின் பருவத்தை நிறுத்தியது. 2010இல் கனடாவின் செயின்ட் தாமஸ் பல்கலைக்கழக ஆண்கள் வாலிபால் அணி, புதியவர்களுக்கான விருந்துக்குப் பிறகு தன் வீரர் ஒருவரைப் பறிகொடுத்து அந்தப் பருவத்தை இழந்தது.

பருவத்தை நிறுத்துவதால் ஊரே விழித்துக்கொள்கிறது என்பது உண்மை. ஆனால் அதன் சுமை புகார் கொடுத்தவர் தலையில் விழுகிறது. “இவனால்தான் ஆட்டம் போச்சு” என்று ஒரு வளாகம் முழுவதும் சுட்டிக்காட்டும்போது, அடுத்த புதியவர் வாய் திறப்பாரா? டல்ஹௌசி எடுத்த வழி எனக்கு மேலானதாகத் தோன்றுகிறது. அங்கே முதலாண்டு வீராங்கனைகளை மட்டும் விட்டுவிட்டு, மற்ற அனைவரையும் இடைநீக்கம் செய்தார்கள். அணி ஆட முடியாமல் போனது, ஆனால் யார் மீது குற்றம், யார் மீது இல்லை என்பதைப் பல்கலைக்கழகம் தன் ஆணையிலேயே பிரித்துச் சொல்லிவிட்டது.

சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் பகிடிவதைத் தடைச் சட்டம் உண்டு. வெர்மான்ட் தன் சட்டத்தை ஹாக்கி அணிச் செய்திக்குப் பின் 2000இல் இயற்றியது. 2024 டிசம்பரில் நாடு தழுவிய சட்டம் ஒன்று முதன்முறையாகக் கையெழுத்தானது. அது தண்டனைச் சட்டம் அன்று. உயர்கல்வி நிறுவனங்கள் தங்களிடம் பதிவான பகிடிவதை எண்ணிக்கையை ஆண்டறிக்கையில் சேர்க்க வேண்டும், எந்த அமைப்பு என்ன விதியை மீறியது என்பதைப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும் என்று அது கட்டாயமாக்குகிறது. பாதிக்கப்பட்டவரின் விருப்பம் எதுவாயினும் செயல் பகிடிவதையே என்று அதன் வரையறை கூறுகிறது.

கனடாவில் 2020 ஜூனில் முன்னாள் இளையோர் ஹாக்கி வீரர்களான டேனியல் கார்சில்லோவும் காரட் டெய்லரும் கனடிய ஹாக்கி லீக் மீது கூட்டு வழக்குத் தொடுத்தார்கள். ஒன்டாரியோ நீதிபதி பெரல் 2023 பிப்ரவரியில், வீரர்கள் அனுபவித்த கொடுமைகளை ஐயமின்றி ஏற்றுக்கொண்டபோதிலும், எல்லா அணிகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பொறுப்பாக்கும் வகையில் வழக்கு அமைய முடியாது என்று கூட்டு வழக்குக்கு அனுமதி மறுத்தார்.

அப்படியானால் அணிகளுக்குச் சேர்ப்புச் சடங்கே கூடாதா?

சடங்கு தேவைதான். முதல் நாள் யாரையும் அறியாமல் வந்து நிற்கிறவருக்கு, “நீ எங்களில் ஒருவர்” என்று எல்லோரும் கூடிச் சொல்லும் ஒரு தருணம் பெரிய ஆறுதல். இரண்டு நாள் மலையேற்றம், துடுப்புப் படகுப் பயணம், சேர்ந்து சமைத்த ஒரு விருந்து, மூத்தவர் ஒருவர் தன் பழைய எண் பொறித்த சட்டையைப் புதியவர் கையில் கொடுப்பது போன்றவை அந்த வேலையைச் செய்யும். மூத்தவரும் அதே குளிரில் நடுங்க வேண்டும், அதே மூட்டையைச் சுமக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் வியர்க்கிற சடங்கு எதுவாயினும் சந்தேகத்துக்குரியது.

என் மகள் இந்த ஆண்டு அமெரிக்கப் பல்கலைக்கழக அணி ஒன்றில் சேரப் போகிறாள். நான் என்ன செய்யலாம்?

சேரும் முன்பே அந்தப் பல்கலைக்கழகம் வெளியிட்டிருக்கும் பகிடிவதை அறிக்கையைத் தேடிப் படியுங்கள். புதிய சட்டத்தின்படி அது அவர்களுடைய இணையதளத்தில் இருக்க வேண்டும். அணியின் பெயர் அதில் இருந்தால், அதன்பின் என்ன மாற்றினார்கள் என்று பயிற்சியாளரிடமே கேளுங்கள். தயங்க வேண்டாம், பெற்றோர் இப்படிக் கேட்பது அங்கே வழக்கத்துக்கு மாறானது அன்று. உடை மாற்றும் அறையிலும் வெளியூர்ப் பயணங்களிலும் பொறுப்பாகப் பெரியவர் யார் உடனிருப்பார் என்பதையும், புகாரைப் பயிற்சியாளரைத் தாண்டி யாரிடம் கொடுக்கலாம் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

மகளிடம் பேசும்போது “பகிடிவதை நடந்தால் சொல்” என்று மட்டும் சொன்னால் போதாது. 12க்கும் 80க்கும் இடையிலுள்ள தூரத்தை நினைவில் வைத்து, செயல்களைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். குடிக்கச் சொன்னார்களா, கண்ணைக் கட்டினார்களா, ஆடையைக் கழற்றச் சொன்னார்களா, வேறு அணியின் ஆண்கள் முன்னால் எதையாவது செய்யச் சொன்னார்களா, கைப்பேசியை வாங்கி வைத்துக்கொண்டார்களா என்று கேளுங்கள். மகன் சேர்வதாக இருந்தாலும் இதே கேள்விகளைக் கேளுங்கள். கூச்சப்பட்டு அவனிடம் மட்டும் கேட்காமல் விட்டுவிடாதீர்கள்.

அவள் மூன்றாம் ஆண்டுக்கு வந்து அணியில் மூத்தவளாகும்போது இன்னொரு முறை பேசுங்கள். அந்த முறை கேட்க வேண்டியது, புதிதாக வந்தவர்களுக்கு இந்த ஆண்டு அவர்கள் என்ன திட்டமிட்டிருக்கிறார்கள் என்று.